‘லெக்’கை இழுத்தால் காலை வாருவதா? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஆங்கில மரபுத்தொடர்கள் பற்றியவை. அதனால் இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: லண்டனில் இருக்கும் என் மேலாளர் பேச்சுவாக்கில் ‘ஐ ஆம் ஜஸ்ட் புல்லிங் யுவர் லெக்’ என்றார். என் காலை வாரப் போகிறாரோ என்று பயந்துவிட்டேன். சரியான பொருள் என்ன?
– மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

‘சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்பதுதான் பொருள். இல்லாத ஒன்றைச் சொல்லி ஒரு நிமிடம் உங்களை நம்பவைத்துவிட்டுச் சிரிப்பதற்குத்தான் ஆங்கிலத்தில் ‘புல்லிங் சம்ஒன்ஸ் லெக்’ என்று பெயர். ‘திங்கட்கிழமையிலிருந்து காலை 6 மணிக்கு மீட்டிங்’ என்று அவர் சொல்ல, நீங்கள் திடுக்கிட, பிறகு அவர் இதைச் சொல்வார். பதிலுக்கு நீங்களும் ‘யூ ஆர் புல்லிங் மை லெக்!’ என்று சொல்லலாம். நம் ‘சும்மா கதை விடாதீங்க சார்’ போல.

தமிழில் காலை வாருவது இரண்டு வகை. நண்பர்கள் நடுவே ‘சும்மா என் காலை வாராதேப்பா’ என்னும்போது அது கேலி. ஆங்கிலத் தொடருக்குக் கொஞ்சம் கிட்டே வருகிறது. ‘கடைசி நேரத்துல காலை வாரிட்டான்’ என்னும்போது அது துரோகம். இந்த இரண்டாவது பொருள் ஆங்கிலத் தொடரில் துளியும் கிடையாது. அதைச் சொல்ல வேண்டுமானால் ‘ஹி புல்டு தி ரக் ஃப்ரம் அண்டர் மி’ என்பதே பொருத்தம். நிற்கிறவனின் காலடியில் இருக்கும் விரிப்பை உருவுவது, அதாவது நம்பியிருந்த ஆதரவைத் திடீரென்று எடுத்துவிடுவது. தன் தப்பை மறைக்க உங்களை மாட்டிவிட்டால் ‘ஹி த்ரூ மி அண்டர் தி பஸ்’. முதுகில் குத்துவது மட்டும் இரண்டு மொழியிலும் ஒன்றுதான்: ‘ஸ்டேப் இன் தி பேக்’.

உடல் உறுப்புகள் வரும் தொடர்களில்தான் தமிழர்கள் அதிகம் வழுக்குகிறோம். இரண்டு மொழியிலும் உறுப்பு ஒன்றாக இருக்கும். பொருள் வேறாக இருக்கும். ‘பிக் மவுத்’ என்றால் வாய் நீளம் இல்லை. ரகசியம் தங்காத ஓட்டைவாய். எதிர்த்துப் பேசும் நீள வாய்க்கு ‘ஹி டாக்ஸ் பேக்’ என்று சொல்ல வேண்டும். ‘ஹெட் வெயிட்’ என்று நாம் சொல்வது தலைக்கனத்தை அப்படியே தூக்கி ஆங்கிலத்தில் வைத்தது, வெளிநாட்டவருக்குப் புரியாது. அவர்கள் ‘பிக்-ஹெடட்’ என்பார்கள். நம் நாட்டு ஆங்கிலப் பத்திரிகைகள் ‘சீட் கிடைக்காதவர்களிடையே ஹார்ட்பர்ன்’ என்று எழுதுகின்றன. மனப்புகைச்சல் என்ற பொருளில். இந்தியாவுக்கு வெளியே ‘ஹார்ட்பர்ன்’ என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் நெஞ்செரிச்சல் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்கள், மாத்திரை நீட்டுவார்கள்.

கேள்வி: ‘கிக் தி பக்கெட்’ என்றால் இறப்பது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு மாணவி தலைமையாசிரியரின் தந்தை மறைவுக்கு எழுதிய இரங்கல் மடலில் அதையே பயன்படுத்திவிட்டாள். இலக்கணப்படி தவறில்லை. எப்படி விளக்குவது?
– ஆங்கில ஆசிரியை, பட்டுக்கோட்டை

தமிழ்த் தொடர் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ‘தங்கள் தந்தை மண்டையைப் போட்டதை அறிந்து வருந்துகிறோம்’ என்று யாராவது எழுதுவார்களா? அந்தப் பெண்ணுக்கு உடனே புரிந்துவிடும். ‘கிக் தி பக்கெட்’டின் எடை அதுதான். அகராதி ‘இறத்தல்’ என்று மட்டும் போட்டால் பாதிச் செய்திதான் கிடைக்கும். துக்க வீட்டுக்கு ‘பாஸ்டு அவே’. செய்திக்கும் மருத்துவக் குறிப்புக்கும் வெறும் ‘டைடு’ போதும், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இலக்கணத்திலும் ஒரு நுட்பம் உண்டு. வகுப்பில் சொல்லத் தகுந்தது. இந்தத் தொடரில் எதையும் அசைக்க முடியாது. ‘எ பக்கெட்’ என்றால் நிஜ வாளி. ‘பக்கெட்ஸ்’ என்றாலும் அப்படியே. செயப்பாட்டு வினையாக்கி ‘தி பக்கெட் வாஸ் கிக்டு’ என்றால் யாரோ வாளியை உதைத்துவிட்டார்கள் என்று ஆகிவிடும். தமிழிலும் ‘மண்டை போடப்பட்டது’ என்று சொல்ல முடியாதல்லவா? ஒருவர் சாகக் கிடக்கிறார் என்பதற்கு ‘ஹி இஸ் டையிங்’ எனலாம். ‘ஹி இஸ் கிக்கிங் தி பக்கெட்’ வராது. இறக்கும் அந்த ஒரு கணத்துக்கு மட்டும் உரிய தொடர் இது.

ஆனால் எல்லா மரபுத்தொடரும் இப்படி இறுகிக் கிடப்பதில்லை. ரகசியத்தை உடைப்பதைச் சொல்லும் ‘ஸ்பில் தி பீன்ஸ்’ வளையும்: ‘தி பீன்ஸ் வேர் ஸ்பில்டு’ என்று தாராளமாகச் சொல்கிறார்கள். அதில் பீன்ஸ் ரகசியத்துக்கும், சிந்துவது வெளியிடுவதற்கும் ஈடாக நிற்கின்றன. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளில் ஒரு பங்கு இருக்கிறது. வாளித் தொடரில் எந்தச் சொல்லுக்கும் தனிப் பங்கு இல்லை; முழுத் தொடருக்கும் சேர்த்துத்தான் ஒரு பொருள். மாணவர்களிடம் புதிய தொடர் ஒன்றைக் கொடுத்து, எந்தச் சொல் எதற்கு ஈடு என்று கேட்டுப் பாருங்கள். ஈடு சொல்ல முடிந்தால் பெரும்பாலும் வளையும். முடியாவிட்டால் உள்ளபடியே வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: பழைய காலத்தில் இங்கிலாந்தில் கூரைமேல் படுத்திருந்த நாய்களும் பூனைகளும் மழையில் வழுக்கி விழுந்ததால்தான் ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ வந்ததாக வாட்ஸ்அப்பில் படித்தேன். உண்மையா?
– இல்லத்தரசி, நாகர்கோவில்

இல்லை. 1999 வாக்கில் மின்னஞ்சலில் சுற்றத் தொடங்கிய கட்டுக்கதை அது. வைக்கோல் கூரை இறுக்கிக் கட்டியது. நாய் ஏறிப் படுக்கும் இடமில்லை. இந்தத் தொடரின் பிறப்பு இதுதான் என்று யாராலும் நிறுவ முடியவில்லை. உறுதியாகத் தெரிந்தது, ஜோனதன் ஸ்விஃப்ட் 1738இல் வெளியிட்ட நூலில் இது இதே வடிவத்தில் இருக்கிறது என்பது. மேட்டுக்குடி மக்கள் பேசிப் பேசித் தேய்த்துவிட்ட தொடர்களைக் கிண்டல் செய்து தொகுத்த நூல் அது. அன்றைக்கே பழசு!

இன்று பள்ளிப் புத்தகத்துக்கு வெளியே இதைக் கேட்பது குறைவு. ‘இட்ஸ் போரிங் டவுன்’ என்றால் போதும். ‘கொட்டித் தீர்க்குது’ என்று நாம் சொல்வது போல இயல்பாக இருக்கும். (இந்த ‘போர்’ ஊற்றுவது, அலுப்பு தரும் ‘போர்’ அல்ல.)

‘ரூல் ஆஃப் தம்ப்’ பற்றியும் இப்படி ஒரு கதை உலவுகிறது: கட்டைவிரல் பருமனுள்ள குச்சியால் மனைவியை அடிக்க ஆங்கிலச் சட்டம் அனுமதித்ததாம். அப்படி ஒரு சட்டம் எழுதப்பட்டதே இல்லை. ஒரு கப் அரிசிக்கு இரண்டு கப் தண்ணீர் என்கிறோமே, அதுபோல் அனுபவத்தில் வந்த தோராய விதிக்குத்தான் அந்தப் பெயர்.

கேள்வி: ஆங்கில மரபுத்தொடரைத் தமிழாக்கும்போது தமிழ்ப் பழமொழியை வைக்கலாமா, நேராகவே பெயர்க்கலாமா?
– பகுதிநேர மொழிபெயர்ப்பாளர், மதுரை

ஒவ்வொன்றையும் தனியாக எடை போட வேண்டும். அச்சாகப் பொருந்தும் ஜோடிகள் சில உண்டு. நிலக்கரி ஏற்றுமதிக்குப் பேர்போன ஊருக்கே கரி கொண்டுபோவதைச் சொல்லும் ‘கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்’ நம் கொல்லன் தெருவில் ஊசி விற்பதேதான். கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். ‘ஹேவ் யுவர் கேக் அண்ட் ஈட் இட்’ என்பதற்குக் ‘கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை’. இங்கே ‘ஹேவ்’ என்றால் சாப்பிடுவது என்று எடுத்துக்கொண்டு பலர் குழம்புகிறார்கள். ‘வைத்திருப்பது’ என்பதே பொருள். கேக்கைத் தின்றும் தீர்க்க வேண்டும், அது தட்டிலும் இருக்க வேண்டும் என்ற ஆசை. 1546இல் ஜான் ஹேவுட் தொகுத்த பழமொழி நூலில் ‘ஈட்’ முன்னாலும் ‘ஹேவ்’ பின்னாலும் இருந்தன. அந்த வரிசையில் சொன்னால் பொருள் தானாகவே விளங்கும்.

பொருந்துவது போல் தோன்றி, கொஞ்சம் விலகி நிற்பவை சில. ‘ஸ்கேப்கோட்’ என்ற சொல்லை 1530இல் விவிலியத்தை மொழிபெயர்த்த வில்லியம் டிண்டேல் உருவாக்கினார். லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் இரண்டு ஆடுகள் வருகின்றன. ஒன்று பலியாகிறது, மற்றொன்று மக்களின் பாவத்தைச் சுமந்துகொண்டு வனாந்தரத்துக்கு விரட்டப்படுகிறது. ‘ஸ்கேப்கோட்’ அந்த இரண்டாவது ஆடு. தமிழ் விவிலியம் அதற்குப் ‘போக்காடு’ என்று அழகான சொல்லை வைத்திருக்கிறது. நாம் பேச்சில் பயன்படுத்தும் ‘பலிகடா’வோ வெட்டுப்படும் ஆடு. ஆனாலும் ‘அடுத்தவன் தப்புக்கு என்னைப் பலிகடா ஆக்கிட்டாங்க’ என்ற வழக்கு ஊன்றிவிட்டதால் செய்திக் கட்டுரையில் தயங்காமல் வைக்கலாம். சமய நூலை மொழிபெயர்த்தால் மட்டும் வைக்காதீர்கள். ஆடுகள் இடம் மாறிவிடும்.

‘ஆப்பிள் ஆஃப் மை ஐ’யைக் ‘கண்ணின் ஆப்பிள்’ என்று போட்டவர்களும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் கண்ணின் பாவையையே ஆப்பிள் என்றார்கள். பாவை உருண்டையான கெட்டிப் பொருள் என்று நினைத்த காலம். ஆகவே ‘கண்மணி’ என்பது நிகர்ச்சொல் மட்டுமல்ல, அதே உறுப்பும்கூட. உபாகமம் 32:10இல் ஆங்கில விவிலியம் ‘ஆப்பிள்’ என்னும் இடத்தில் தமிழ் விவிலியம் ‘கண்மணியைப்போல’ என்கிறது.

‘குரோகடைல் டியர்ஸ்’ நேராகவே ‘முதலைக் கண்ணீர்’ ஆகிப் புழங்கிவிட்டது. இருந்தாலும் நம்மிடம் நீலிக் கண்ணீர் இருக்கிறது. பழையனூர் நீலி அழுத அழுகையை நம்பிப் பிணை நின்ற வேளாளர் எழுபது பேர் தீயில் இறங்கிய கதை அதன் பின்னால் உள்ளது. தமிழ்நாட்டுக் கதைமாந்தர் பேசும் உரையாடலில் நீலிக் கண்ணீர் உயிரோடு இருக்கும். லண்டன்காரர் பேசினால் பழையனூரை அவர் வாயில் திணிக்க வேண்டாம், முதலையே இருக்கட்டும்.

மிகவும் கவனம் தேவைப்படுவது ‘ஒயிட் எலிஃபன்ட்’. சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னர்கள் பிடிக்காத பிரபுவுக்கு வெள்ளை யானையைப் பரிசளிப்பார்களாம். புனித விலங்கு, வேலை வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது, தீனி போட்டே பிரபு ஓட்டாண்டி ஆவார் என்று மேற்கில் ஒரு கதை பரவியது. அதிலிருந்துதான் வீண்செலவு வைக்கும் சொத்து என்ற பொருள் வந்தது. நமக்கு வெள்ளை யானை என்றால் ஐராவதம், இந்திரனின் வாகனம், மங்கலமானது. ‘புதிய பேருந்து நிலையம் ஒரு வெள்ளை யானை’ என்றால் பாராட்டு என்றே பாட்டி நினைப்பார். ‘யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை’ என்றால் யானையும் போகாது, பொருளும் போகாது.

கேள்வி: அமெரிக்க வாடிக்கையாளர் ‘லெட்ஸ் டேபிள் திஸ்’ என்றார். உடனே விவாதிப்போம் என்று எடுத்துக்கொண்டு அறிக்கையைத் திறந்தேன். அவர் முகம் மாறிவிட்டது. ஏன்?
– திட்ட மேலாளர், சென்னை

நீங்கள் எடுத்துக்கொண்டது பிரிட்டன் பொருள். நம் நாடாளுமன்றமும் அதைத்தான் பின்பற்றுகிறது. அவையில் ஓர் அறிக்கையை ‘டேபிள்’ செய்தார்கள் என்றால் முன்வைத்தார்கள் என்று அர்த்தம். அமெரிக்காவில் நேர் எதிர்: ஒத்திப்போடுவோம், இப்போது பேச வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டன், அமெரிக்க அதிகாரிகள் இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் சண்டை போட்டார்கள்; இரு தரப்பும் கேட்டது ஒன்றைத்தான் என்பது பிறகே தெரிந்தது என்று வின்ஸ்டன் சர்ச்சில் பதிவு செய்திருக்கிறார். இரு நாட்டவரும் இருக்கும் கூட்டத்தில் இந்தச் சொல்லையே தவிர்த்துவிடுங்கள். ‘டிஸ்கஸ் நவ்’, ‘போஸ்ட்போன்’ என்று வெளிப்படையாகச் சொல்லலாம்.

‘கொய்ட் குட்’டும் இப்படித்தான். அமெரிக்கர் சொன்னால் நன்றாகவே இருக்கிறது. ஆங்கிலேயர் சொன்னால் பெரும்பாலும் ‘பரவாயில்லை’ அளவுதான். ‘பால்பார்க் ஃபிகர்’ கேட்டால் பேஸ்பால் மைதானம் எல்லாம் வேண்டாம், குத்துமதிப்பாக ஒரு தொகை சொன்னால் போதும். இன்னொன்று, உங்கள் சுயவிவரக் குறிப்பில் ‘பாஸ்டு அவுட் இன் 2015’ என்று இருந்தால் இன்றே ‘கிராஜுவேட்டட்’ என்று மாற்றுங்கள். வெளிநாட்டில் ‘பாஸ்டு அவுட்’ என்றால் மயங்கி விழுந்தார் என்றே படிப்பார்கள்.

கேள்வி: ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ – நிலா நிஜமாகவே நீலமாகுமா?
– எட்டாம் வகுப்பு மாணவன், விருதுநகர்

மிக அரிதாக ஆகும். 1883இல் கிரகடோவா எரிமலை வெடித்தபோது காற்றில் பரவிய துகள்களால் நிலா நீலமாகத் தெரிந்தது. ஆனால் இந்தத் தொடர் அதற்கும் முந்தியது. நடக்காத ஒன்று, பிறகு அரிதாக நடக்கும் ஒன்று என்று பொருள் நகர்ந்து வந்தது. சரியான தமிழ்: அத்தி பூத்தாற்போல. அத்திப்பூ காய்க்குள்ளேயே ஒளிந்திருப்பதால் கண்ணில் படாது.

ஒரே ஆங்கில மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமியை ‘ப்ளூ மூன்’ என்று அழைப்பது மிகவும் பிந்திய வழக்கம். 1946இல் ஒரு வானியல் இதழில் வந்த தவறான விளக்கத்திலிருந்து பரவியது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுமார் 29.5 நாள் இடைவெளி. அதனால் சராசரியாக இரண்டே முக்கால் ஆண்டுக்கு ஒருமுறை இது வரும். பிப்ரவரியில் வரவே வராது. 2023 ஆகஸ்டில் வந்தது, அடுத்தது 2026 மே மாதத்தில், 1ஆம் தேதியும் 31ஆம் தேதியும்.

கேள்வி: எஸ்எஸ்சி தேர்வுக்காக 500 மரபுத்தொடர் கொண்ட பட்டியலை மனப்பாடம் செய்கிறேன். ஒரு வாரத்தில் பாதி மறந்துவிடுகிறது. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதும் என் தங்கைக்கும் இதே பட்டியல் உதவுமா?
– போட்டித் தேர்வர், தருமபுரி

பட்டியலின் வரிசைதான் முதல் எதிரி. ‘ப்ளூ’ என்ற தலைப்பின்கீழ் அரிதான நிலா, எதிர்பாராத ‘அவுட் ஆஃப் தி ப்ளூ’, சோர்வைச் சொல்லும் ‘ஃபீலிங் ப்ளூ’, உயர்குடியைச் சொல்லும் ‘ப்ளூ பிளட்’ நான்கும் அடுத்தடுத்து இருக்கும். ஒரே நாளில் படித்தால் நான்கும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒரே சொல் வரும் தொடர்களை வெவ்வேறு நாட்களுக்குப் பிரித்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் நான்கு வரி: அந்தத் தொடர் வந்த முழு வாக்கியம், அதில் மாற்றக் கூடாத சொல் எது, யாரிடம் பேசும்போது பொருந்தும், நெருங்கிய தமிழ்த் தொடரும் அதோடு இருக்கும் வித்தியாசமும். மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள் தமிழ்ப் பக்கத்தை மட்டும் பார்த்து ஆங்கிலத்தைச் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தைப் பார்த்துத் தலையாட்டுவது பயிற்சி ஆகாது.

கேள்வித்தாளில் தவறான விடைகளில் ஒன்று பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் பொருளாக இருக்கும். ‘பிரிங் டு புக்’ என்றால் புத்தகம் போடுவது என்று ஒரு விடை நிற்கும். சரியானது, தவறு செய்தவரைத் தண்டனைக்கு உள்ளாக்குவது. ‘அட் தி இலெவன்த் அவர்’ இரவு 11 மணி அல்ல. விவிலிய உவமையில் சூரிய உதயத்திலிருந்து எண்ணிய பன்னிரண்டு மணி நேரப் பகலில் பதினோராவது, ஏறக்குறைய மாலை 5 மணி. வேலை முடிய ஒரு மணி நேரமே மிச்சம். அதனால்தான் ‘கடைசி நேரத்தில்’.

தங்கைக்கு இந்தப் பட்டியலைக் கொடுக்காதீர்கள். ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வின் 7ஆம் பேண்ட் (மதிப்பெண் நிலை) விளக்கத்தில் ‘இடியமாட்டிக்’ சொல்வளம் என்று இருப்பதைப் பார்த்துப் பலர் நாயையும் பூனையையும் மழையாகப் பொழிகிறார்கள். அங்கே கேட்பது ஆங்கிலேயர் இயல்பாகச் சேர்த்துப் பேசும் சொற்கூட்டு: ‘ஹெவி ரெய்ன்’, ‘டேக் எ பிரேக்’, ‘ஐ ஆம் நாட் கீன் ஆன் இட்’ போன்றவை. ஒப்பித்த மரபுத்தொடரைப் பொருந்தாத இடத்தில் செருகினால் மதிப்பெண் கூடாது. கட்டுரைத் தேர்வில் பேச்சுவழக்குத் தொடர்களைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: அச்சு அகராதியில் மரபுத்தொடரை எந்தச் சொல்லின் கீழ் தேடுவது?
– நூலக வாசகர், தஞ்சாவூர்

ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதியில், தொடரின் முதல் முழுச்சொல்லில் தேடுங்கள்: பெயர், வினை, பெயரடை, வினையடை இவற்றில் எது முதலில் வருகிறதோ அது. ‘ஸ்பில் தி பீன்ஸ்’ என்றால் ‘ஸ்பில்’. ‘கெட்’, ‘கோ’ போன்ற பொதுவினையில் தொடங்கினால் அடுத்த சொல்லுக்குப் போங்கள். சாய்வெழுத்தில் இருக்கும் பேச்சுவழக்கு, பழையது, பிரிட்டன், வட அமெரிக்கா போன்ற குறிப்புகளை விட்டுவிடாமல் படியுங்கள். பொருளைவிட முக்கியம் அவை.

கேள்வி: சம்பள உயர்வு கேட்டேன். வெளிநாட்டு மேலாளர் ‘லெட் மி ஸ்லீப் ஆன் இட்’ என்றார். கிடப்பில் போட்டுவிட்டாரா?
– கணக்காளர், திருப்பூர்

இல்லை. ஓர் இரவு யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறார். இன்றைக்கு மறுபடி கேட்காதீர்கள். நாளை மதியம் வரை பதில் இல்லையென்றால் இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள்.